சுவரில் இருந்த ஆடு

சின்ன வயதில் நான் வாசித்த ஒரே ஆங்கிலச் சிரிப்புப் புத்தகத்தின் பெயர் ஐம்பது வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. பெயர் அச்சாகியிருந்த மேல்பகுதியை அம்மா கத்தரித்துவிடுவார். அந்தத் துண்டு அடுப்புப் பற்றவைக்க உதவும். மிச்சம் சுவருக்கு.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பரா எங்களுடையது. ஒரே அறை, முன்னால் திண்ணை போலச் சின்ன இஸ்தோப்பு. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் வழியாகக் குளிரும் ஈரமும் வரும் என்பதால் எல்லா வீடுகளிலும் தாள் ஒட்டுவார்கள். மற்ற வீடுகளில் பழைய பத்திரிகை. எங்கள் வீட்டில் மட்டும் இங்கிலாந்துச் சிரிப்புப் புத்தகம். அம்மா, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். இவர் கொழும்புக்காரர். அவருடைய அக்கா லண்டனில் இருந்தார். தம்பியின் பிள்ளைகளுக்காக, வாரம் ஒன்றாக வரும் அந்தப் படக்கதைப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாகக் கப்பலில் அனுப்புவார். பிள்ளைகள் வாசித்து முடித்ததும் துரையின் மனைவி, தொரசாணி, அவற்றை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டுவோம். பசைக்காகக் கரப்பான் தாளைத் தின்னும். அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் பழையதன் மேல் புதியதை ஒட்ட வேண்டும். அம்மாவுக்கு எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது. சில பக்கங்கள் தலைகீழாக இருக்கும். அவற்றைப் பாயில் மல்லாந்து படுத்து, சுவர்ப் பக்கம் தலையை வைத்து வாசிக்க வேண்டும். தாளின் ஒரு பக்கம்தான் எங்களுக்கு, மறுபக்கம் சுவருக்கு. ஆகவே பாதிக் கதைகளுக்கு முடிவு கிடையாது, மீதிக்குத் தொடக்கம் கிடையாது.

அதில் தொப்பி பறந்துகொண்டேயிருக்கும் ஒரு நகரத் தலைவர் வருவார். குறட்டை விட்டே கூரையைப் பெயர்க்கும் ஒரு வாத்தியார் வருவார். எல்லாவற்றையும் விட எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு ஆடு. ஒரு குடும்பம் அதை வீட்டுக்குள் வளர்க்கும். அது கடிதத்தைத் தின்னும், திரைச்சீலையைத் தின்னும், பொலிஸ்காரரின் தொப்பியைத் தின்னும். எங்கள் லயத்து ஆடுகளும் கொடியில் காயும் துணியைத் தின்னும் என்பதால் அந்தக் கதைக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆங்கிலத்தில் நான் முதலில் கற்றதும் அங்கிருந்துதான். ஐந்தாம் வகுப்பில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் ஆளுக்கொரு ஆங்கிலச் சொல் சொல்லச் சொன்னார். நான் எழுந்து "ஊஃப்" என்றேன்.

"அது என்ன சொல் தம்பி? ஆர் சொல்லித் தந்தது?" என்றார்.

"வீட்டுச் சுவத்துல இருக்குங்க சேர். வயித்துல பந்து பட்டா அப்படித்தான் சொல்லணும்."

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

இப்போது நான் நுவரெலியாவில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். பழைய பெயரில் கிளாக்கர். அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. எங்கள் காம்பராவில் வேறு குடும்பம் இருக்கிறது, சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். என் ஒரே தங்கச்சி மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்து போனாள். அங்கே வயதான ஒருவரை அவருடைய வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறாள், அவரை ஐயா என்பாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பேசுவோம். அவளுக்கு அது காலை நேரம், ஐயா சாப்பிட்டு முடித்து ஓய்வாக இருப்பார்.

போன வருடம் ஒருநாள், அலுவலகத்தில் மின்சாரம் போய் வந்த பிறகு வேலை ஓடவில்லை. அந்த ஆட்டைக் கணினியில் தேடிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான ஆடுகள் வந்தன, ஒன்றும் அது இல்லை. அந்த ஞாயிறு தங்கச்சியிடம் சொன்னேன்.

"ஐயாகிட்ட கேக்குறேன்" என்றாள்.

ஐயா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையாம், பெயரைச் சொல்லிவிட்டார். அவருடைய மகன் சின்ன வயதில் அதைத்தான் வாசிப்பானாம். வாங்குபவர்கள் குறைந்ததும் இன்னொரு புத்தகத்தோடு சேர்த்தார்கள், பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள் என்றாராம். கணக்குப் பார்த்தால், நாங்கள் சுவரில் வாசித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அங்கே அது நின்றுபோயிருக்கிறது. லண்டன் அக்கா எங்கோ மிஞ்சிக் கிடந்த பழைய கட்டுகளைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். கேட்டபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நெடுநாள் போகாத ஒரு கடை மூடிவிட்டது என்று கேள்விப்படுவது போலத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஐயாவின் மகன் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தாராம். தங்கச்சி அதைச் சொன்னபோது, "நான் உனக்கு வாசிச்சுக் காட்டுவேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"நீங்க எங்கண்ணே வாசிச்சுக் காட்டுனீங்க? பக்கத்துல வந்தா தள்ளி விடுவீங்க. மேல இருக்கிறது உங்களுக்கு, கீழ இருக்கிறது எனக்குன்னு கரிக்கட்டையால கோடு போட்டீங்க. ஆடு கீழதான் இருந்துச்சு. அதையும் பிச்சிட்டீங்க."

"நானா?"

"நீங்கதான். கண்டாக்கையா மகன்கிட்ட குடுத்து நாலு கலர் பேனா வாங்குனீங்க. சுவத்துல ஓட்டையப் பாத்துட்டு அம்மா என்னைத்தான் அடிச்சாங்க."

கண்டாக்கையா தோட்டத்து வேலைகளை மேற்பார்வை செய்தவர். அந்தப் பேனா எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீலம், சிவப்பு, கறுப்பு, பச்சை. எதை அமுக்கினாலும் டக்கென்று சத்தம் வரும். ஹட்டன் சந்தையில் அம்மா வாங்கித் தந்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். தாளைப் பிய்த்தது மட்டும், எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

"நீ சொல்லியிருக்கலாமே அம்மாகிட்ட."

"சொன்னேன். நம்பல. நீங்க படிக்கிற பிள்ளை."

"ரொம்ப அடிச்சாங்களா?"

"விளக்குமாத்தால ரெண்டு. அவ்வளவுதான்."

ஐயாவுக்கு எத்தனை மாத்திரை கொடுத்தாள் என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னித்துக்கொள் என்று சொல்லலாம்தான். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் பாவித்ததில்லை. "அங்க குளிரா?" என்று கேட்டேன். "இப்ப பரவால்ல" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் கோப்புகளுக்கு நடுவில் அவள் சொன்னது நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் பதினாறு வயதில், சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டாள். நான் அதற்கு மேல் உயர்தரம் படித்தேன். அதை நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. மனைவியிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளையில நடந்ததுதானே" என்றாள். அவளுக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். பிறகு, "ஆனா அவ மறக்கலையே" என்றாள்.

அடுத்த ஞாயிறு நான் அழைப்பு எடுப்பதற்கு முன் தங்கச்சியே எடுத்தாள். பெட்டியில் ஆட்டைக் கண்டுபிடித்துவிட்டாளாம். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

"போட்டோ வேணாம். இருங்க, வாசிக்கிறேன்."

வாசித்தாள். ஆங்கிலத்தை அப்படியே தமிழாக்கி, லயத்துப் பேச்சில். ஆடு ரயிலில் போகிறது. டிக்கட் பார்க்க வருகிறவர் டிக்கட்டைக் கேட்கிறார், ஆடு டிக்கட்டைத் தின்றுவிடுகிறது. அபராதச் சீட்டு எழுதுகிறார், அதையும் தின்றுவிடுகிறது. "அப்புறம் அந்த மனுசன் பென்சிலைத் தூக்கிக்கிட்டு பெஞ்சு மேல ஏறி நிக்கிறாரு, இந்தச் சனியன் அவரு கால்சட்டையப் புடிச்சு..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை, சிரித்துக்கொண்டேயிருந்தாள். என் தங்கச்சி அப்படிச் சிரித்து நான் கேட்டது கிடையாது, அல்லது கேட்டு மறந்திருக்கிறேன். என் ஞாபகத்தை நான் இப்போது அவ்வளவாக நம்புவதில்லை.

உள்ளேயிருந்து மணி அடித்தது. "ஐயா கூப்புடுறாரு" என்று வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம், அந்தப் பெட்டியை அவளே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயாவின் மகன் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். "உங்களுக்கு அனுப்பவாண்ணே?" என்று கேட்டாள்.

"வேணாம். உங்கிட்டயே இருக்கட்டும்."

"ஆமா, நானும் அதத்தான் நெனச்சேன்" என்றாள். பிறகு சித்திரையில் ஊருக்கு வர அவளுக்கு லீவு கிடைக்குமா என்பதைப் பற்றிப் பேசினோம்.