பின்பக்கத்துப் பென் ட்ரைவ்

எந்தக் கணினி வந்தாலும் ஹில்மியின் கை இப்போது முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் தடவும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கணினி திருத்தும் கடை போட்ட புதிதில் அவனுக்கு அவசரம் அதிகம். அப்டேட்டுக்குப் பிறகு எழும்பாத கணினியென்றால், உள்ளதையெல்லாம் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவான். ரோசலின் டீச்சரின் கணினிக்கும் அதையே செய்தான். அப்போதும் திரை கறுப்பாகவே நின்றது. எரிச்சலோடு திருப்பிப் பார்த்தால், பின்னால் ஒரு பென் ட்ரைவ். கணினி இவ்வளவு நேரமும் அதிலிருந்து எழும்பப் பார்த்துத்தான் நின்றிருக்கிறது; அதைப் பிடுங்கியதும் எழும்பிவிட்டது. எதையும் அழித்திருக்கவே தேவையில்லை.

கணினியை எடுக்க டீச்சர் வந்தபோது அதைக் காட்டினான். “டீச்சர், இது ஒங்கடயா?”

“ஓம் தம்பி. பள்ளிக்கூடக் கலைவிழாப் படமெல்லாம் கணினியிலதான் கிடக்கு. கொப்பி பண்ணத்தான் இதைச் செருகினனான், அதுக்குள்ள அப்டேட் வந்திட்டுது.”

ஹில்மி செருகிப் பார்த்தான். பென் ட்ரைவ் வெறுமையாக இருந்தது.

“இப்ப எழும்பிட்டுதுதானே,” என்று டீச்சர் சிரித்தார். “படமெல்லாத்தையும் நீங்களே அதில ஏத்தித் தாங்கோவன்.”