சுவரில் மட்டும் வந்த பஸ்

எங்கள் ஊர் நிழற்குடையை யாராவது நல்லதாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். போன மாதம் ரேஷன் கடை வரிசையில் வெளியூர்ப் பெண் ஒருத்தி, "காலேஜு பிள்ளைக எம்புட்டு அழகாக் கட்டிக் குடுத்திருக்குக" என்றாள். வரிசையை விட்டு வெளியே வந்து சண்டை போட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ரோட்டில் இறங்குகிற இடத்தை விலக்கு என்போம். விலக்கிலிருந்து ஊருக்கு நடக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு, நடுவில் ஒரு வீடு கிடையாது. முன்பெல்லாம் காலையும் மாலையும் டவுன் பஸ் ஊருக்குள் வந்து, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே இருந்த காலி இடத்தில் திரும்பிப் போகும். கொரோனாவில் நிறுத்தினார்கள். பிறகு விடவில்லை. டிப்போவில் கேட்டால், தொட்டி கட்டிய பிறகு பஸ் திருப்ப இடமில்லை என்றார்கள். பொய். தொட்டி கட்டிய பிறகும் எத்தனையோ நாள் அங்கேதான் பஸ் திரும்பியது.

என் மகள் அப்போது அருப்புக்கோட்டையில் பி.காம் இரண்டாம் வருடம் படித்தாள். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள். காலையில் நாலு பேரோடு விலக்குக்கு நடந்துவிடுவாள். சாயங்காலம் ஒற்றை ஆளாக வர வேண்டும். மழைக்காலத்தில் அவள் இறங்கும்போதே இருட்டிவிடும். ஒருநாள் பைக்கில் இரண்டு பேர் விளக்கை அணைத்துவிட்டு ஊர் எல்லை வரை அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்திருக்கிறார்கள். அவள் அப்பா அன்றைக்கு ஒரே வார்த்தைதான் சொன்னார். "பஸ்ஸு வந்தாப் படிக்கட்டும். இல்லாட்டி இந்த வருசத்தோட சரி."

நான் எதிர்த்துப் பேசினேன். "அப்ப நீ போயி கூட்டிட்டு வாரியா?" என்றார். எனக்கு நூல் மில்லில் வேலை, வீடு வர நேரமாகும். அவருக்குப் பஞ்சு குடோனில் லோடு ஏற்றுகிற வேலை, அவரும் அப்படித்தான். யார் போவது?

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். டவுனில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் கூட்டி வந்தது. எங்கள் மகளிர் குழுவும் அதில் பங்குதாரர் என்றார்கள். குழுத் தலைவி என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் வந்த பஸ் ஊருக்குள் வந்து, தொட்டிக்கு எதிரே ஒரே வெட்டில் திரும்பி நின்றது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பாலர்வாடியில் கூட்டம் போட்டார்கள். தரையில் கோலமாவால் ஊரை வரையச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை கொடுத்து, ஊருக்கு எது ரொம்பத் தேவையோ அந்தப் படத்தில் போடுங்கள் என்றார்கள். குப்பைத்தொட்டி, மரக்கன்று, நூலகம், பஸ் என்று படங்கள் இருந்தன. புளியங்கொட்டை முழுவதும் பஸ் மேல்தான் விழுந்தது. தொப்பி போட்ட ஒரு மாணவி கைதட்டினாள்.

எதிர்வீட்டு மதினிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏ தாயி, ஒங்க பஸ்ஸு தொட்டிகிட்ட திரும்புச்சா, இல்லையா?" என்று அந்த மாணவியைக் கேட்டார்.

"திரும்புச்சு அம்மா."

"டவுன் பஸ்ஸ விட அது நீளந்தான?"

"ஆமா, இருக்கும்."

"பெறகென்ன? கெளம்பு. டிப்போவுக்குப் போவோம். 'எங்க பஸ்ஸு அங்கன திரும்புச்சு'ன்னு அந்த ஒத்தச் சொல்ல நீ சொல்லு. நாங்க சொன்னா நாயி கொலைக்கிற மாதிரில்ல கேக்குறாய்ங்க."

மாணவி எழுந்தேவிட்டாள். அவளோடு வந்த பேராசிரியர் உட்காரச் சொன்னார். "அம்மா, அதிகாரிகள்கிட்ட போய் நிக்கிறது எங்க திட்டத்துக்குள்ள வராது. நம்ம கையால செய்யக்கூடியதா ஏதாவது சொல்லுங்க."

"கையால பஸ்ஸத் தள்ளிட்டு வருவீகளா சாரு?" என்றார் மதினி. எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துபோனது.

அடுத்த வாரம் தொண்டு நிறுவனத்து சார் வந்து, நிழற்குடை கட்டப் போகிறோம் என்றார்.

"பஸ்ஸே இல்லையே சார்?"

"நிழற்குடை இருந்தா பஸ்ஸு வரும்மா. நாளைக்கு ஒரு ஆதாரம் வேணும்ல."

குழுவில் பாதிப் பேருக்கு அதில் சந்தோஷம். ஏதோ ஒன்று ஊருக்கு வருகிறதே என்று விட்டுவிட்டார்கள். நான் மில்லுக்குப் போய்விட்டு வந்த ஒரு சாயங்காலம் பார்த்தால், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக் கல் இறக்கியிருந்தார்கள். எங்கே? தொட்டிக்கு எதிரே, அந்தக் காலி இடத்தில். ஊரில் வேறு பொது இடம் கிடைக்கவில்லையாம்.

"சார், இங்கனதான பஸ்ஸு திரும்பும்?" என்று போனில் கத்தினேன்.

"பஸ்ஸுதான் வரலையேம்மா" என்றார் அவர்.

பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். பாலர்வாடியிலேயே தங்கி, வெயிலில் நின்று செங்கல் சுமந்தார்கள். கை கொப்பளித்தது. சிமெண்டுப் பெஞ்சு, தகரக் கூரை, எங்கள் ஊர்ப் பெயரை விடப் பெரிதாக அவர்கள் பெயர் போட்ட பலகை. பின்சுவர் முழுக்க ஒரு டவுன் பஸ்ஸை வரைந்தார்கள். அச்சு அசலாக இருந்தது. அதற்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

திறப்பு விழா முடிந்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவர்கள் பஸ் கிளம்பியது. திரும்ப முடியவில்லை. முன்னே போனால் தொட்டி, பின்னே வந்தால் நிழற்குடை. பின்பக்கம் தூணில் உரசியதும் டிரைவர் இறங்கிவிட்டார்.

"எவன்யா இங்க கொண்டாந்து கட்டுனது?"

"ஒன் வண்டில ஒக்காந்திருக்கவுகதான்ப்பா" என்றார் மதினி.

கண்மாய்க் கரை வரைக்கும் ரிவர்ஸிலேயே போனார்கள். ஊரே கூடிப் பின்னால் நின்று, வரட்டும், வரட்டும் என்று கத்தியது. பேராசிரியர் ஜன்னல் வழியே கும்பிட்டார்.

பிறகு நாங்களே டிப்போவுக்குப் போனோம். இரண்டு தடவை அலைந்த பிறகு ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து பார்த்தார். தொட்டியைப் பார்த்தார், நிழற்குடையைப் பார்த்தார். "இடமில்லைன்னு நாங்க சொன்னா நம்புனீங்களா? நீங்களே பாருங்க" என்றார். அதுவரை அது பொய். அந்தப் பிள்ளைகள் கொப்பளித்த கையால் அதை உண்மையாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நிழற்குடையை இடிக்கலாம் என்றேன். பொதுச் சொத்து, கேஸ் ஆகிவிடும் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள்.

மகள் அந்த வருடப் பரீட்சையோடு நின்றாள். இப்போது என்னோடு மில்லுக்கு வருகிறாள். மில் வேன் சின்ன வண்டி, எப்படியும் திரும்பிவிடும். வீட்டுப் பக்கத்திலேயே ஏற்றி இறக்குகிறார்கள். ஆள் வேண்டும் என்றால் வண்டி எந்தச் சந்துக்குள்ளும் வரும்.

மறு வருடம், கட்டியது எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க அவர்கள் வந்தார்கள். அந்த டிரைவர் பஸ்ஸை உள்ளே விட மாட்டேன் என்று விலக்கிலேயே நிறுத்திவிட்டார். வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார்கள். "இவ்வளவு தூரமா!" என்று அந்தத் தொப்பிப் பெண் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் கூட்டத்தைப் பார்த்து மில் வேன் நிழற்குடையிலேயே நின்றுவிட, மகளும் நானும் இறங்கியபோது ஒரு பையன் ஓடிவந்து போட்டோ எடுத்தான். நிழற்குடையைப் பெண்கள் பயன்படுத்துகிறார்களாம்.

கிளம்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. தொப்பிப் பெண் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "அம்மா, விலக்கு வரைக்கும் துணைக்கு யாராவது வருவீங்களா? பயமா இருக்கு."

சுருக்கென்று ஒரு பதில் வாய் வரைக்கும் வந்தது. கேட்டவளும் ஒரு பெண்பிள்ளை. அடக்கிக்கொண்டேன். மகள் சாப்பாட்டுத் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, "வாங்கக்கா, நான் வாரேன்" என்று முன்னால் நடந்தாள். அவள் திரும்பித் தனியாக வர வேண்டுமே என்று நானும் போனேன்.

பாதி வழியில் அந்தப் பெண், "தினமும் இப்படியேவா நடக்குற?" என்று கேட்டாள்.

"தினமும் இல்லக்கா. படிச்ச வரைக்குந்தான்" என்றாள் என் மகள்.

விலக்கு வந்தது. அவர்கள் பஸ் ஏறினார்கள். நாங்கள் செல்போன் வெளிச்சத்தில் ஊருக்குத் திரும்பி நடந்தோம்.