இரண்டாவது வளைவில் இரண்டு ஹாரன்

ஊசியக்காவுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தொழிற்சாலை அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மலை மேலே இருக்கும் சட்டைத் தொழிற்சாலையில் முந்நூறு தையல் மெஷின்களுக்கும் அவள்தான் மெக்கானிக். சட்டைக் காலரில் எந்நேரமும் நாலைந்து ஊசி குத்தியிருக்கும். பாசத்தில் கட்டிப்பிடிக்க வந்தவர்கள் எல்லாம் ஒரே தடவையோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

அவள் வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையின் பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் டீசல் செலவாகும் என்று நினைக்கிற ரகம். காலை ஏழு பத்துக்குத் தெருமுனையில் வண்டியை எடுத்தால் ஏழே முக்காலுக்குத் தொழிற்சாலை கேட். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட கேட்டில் இருக்கும் லேட் நோட்டில் அவர் பஸ் ஏறியதில்லை. ஏற்றத்தில் யாருக்காகவும் வண்டியை நிறுத்தவும் மாட்டார். ஒரு முறை மேனேஜரே கார் பழுதாகி மேட்டு ரோட்டில் நின்று கையைக் காட்டியிருக்கிறார். டிரைவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். "ஏத்தத்துல நிறுத்தினா கிளட்ச் செத்துரும் சார்" என்று மறுநாள் விளக்கம் கொடுத்தாராம். அது அவர் அந்த வருஷம் பேசிய மிக நீளமான வாக்கியம்.

அந்த டிரைவருக்கு வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். வயசாகிவிட்டது என்று காகிதம் சொன்னது. திங்கட்கிழமையிலிருந்து புது பஸ், புது டிரைவர்.

எல்லோரும் மாலை வாங்கலாமா, கடிகாரம் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஊசியக்கா பின்வராந்தாவில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் இரண்டு கொக்கி. கொக்கியில் ஒரு பச்சை மலைச் சைக்கிள். அதன் கைப்பிடியில் ஆறு ஜோடி காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன.

அந்தச் சைக்கிள் ஒரு காலத்தில் ராணி. ஊரைவிட்டுப் போன ஒரு ஃபோர்மேன் விற்றுவிட்டுப் போனது. பதினெட்டு கியர், அதில் வேலை செய்தது மூன்று. தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் எல்லாரும் பஸ்ஸில் போக, ஊசி மட்டும் சைக்கிளில் மலை ஏறுவாள். பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும் என்று காரணம் சொன்னாள். உண்மையில் வரிசையில் நிற்கப் பிடிக்காது, அவ்வளவுதான்.

மேட்டு ரோடு முதல் வளைவில் திரும்பி, ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, இரண்டாவது வளைவுக்கு வரும். அந்தச் சுற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சரளைப் பாதை நேராக ஏறும். ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும் பாதை. ஊசி அதில் ஏறுவாள். பஸ் முதல் கியரில் முக்கி முனகிச் சுற்றி வருவதற்குள் இரண்டாவது வளைவில் புதருக்குள்ளிருந்து வெளியே பாய்ந்து, பஸ்ஸுக்கு முன்னால் போய்விடுவாள்.

முதல் நாள் அப்படிப் பாய்ந்தபோது, வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்த டிரைவர் பதறிப்போய் இரண்டு ஹாரன் அடித்தார். அது திட்டு. மறுநாளும் பாய்ந்தாள், மறுநாளும் இரண்டு ஹாரன். அதுவும் திட்டுத்தான், ஆனால் கொஞ்சம் மெலிந்த திட்டு. மூன்றாவது வாரம் அவள் வெளியே வருவதற்கு முன்பே ஹாரன் கேட்டது. ஊசி திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போனாள். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் ஆகிவிட்டது.

மகள் வயிற்றில் இருந்தபோது சைக்கிள் சுவரில் ஏறியது. ஊசி பஸ்ஸில் ஏறினாள். டிரைவருக்கு நேர் பின் சீட். அன்றைக்கு இரண்டாவது வளைவு வந்தபோது, சரளைப் பாதையின் வாய் காலியாக இருக்க, அவர் இரண்டு ஹாரன் அடித்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாளும் அடித்தார். இருபத்தைந்து வருஷம் அடித்துக்கொண்டே இருக்கிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் "யாரு அங்க?" என்று எட்டிப் பார்ப்பார்கள். "பழக்கம்" என்பார் டிரைவர்.

திங்கட்கிழமையிலிருந்து அந்த வளைவில் ஹாரன் கிடையாது. காலிப் பாதைக்கே இத்தனை வருஷம் அடித்தவருக்குக் கடைசி ஒரு நாளாவது பாதையில் ஆள் இருக்க வேண்டாமா? ஊசியக்கா காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டாள்.

ஒரே சிக்கல், வலது முட்டி. இரண்டு வருஷமாக அது படி ஏறினாலே கதவு திறக்கிற மாதிரி சத்தம் போடும். டாக்டர் சைக்கிள் மிதிக்கவே கூடாது என்றார்.

"மிதிக்கத்தானே கூடாதுன்னாரு, ஓட்டக் கூடாதுன்னு சொல்லலையே" என்றாள் மகளிடம்.

மகள் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறாள். அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, அது சைக்கிள் இல்ல. துணி காயப்போடுற கம்பி."

"கம்பிக்கு மோட்டார் வெச்சா?"

"கரண்ட்ல ஓடுற கம்பி."

ஆனால் மறுநாளே மகள் ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்தாள். முப்பத்தாறு வோல்ட், நல்ல உயிரோடு இருந்தது. பழைய சாமான் கடையில், லாரிக்கு அடியில் போன ஒரு மின்சார சைக்கிளின் முன் சக்கரம் மட்டும் முழுசாகக் கிடைத்தது. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மோட்டார். கூடவே கன்ட்ரோலர் என்கிற சின்ன அலுமினியப் பெட்டி. இரண்டையும் இணைக்கிற மூன்று தடித்த வயர்களையும் கடைக்காரர் கத்தரிக்கோலால் வெட்டி வைத்திருந்தார்.

"எதுக்குண்ணே வெட்டினீங்க?"

"அழகா அடுக்க வேணாமா?"

வேலை நேரம் மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை. டிரைவர் பகல் ஷிஃப்டை இறக்கிவிட்டு இரவு ஷிஃப்டை ஏற்றிப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் மறைந்துவிட வேண்டும். ஊசியக்கா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பழைய முன் சக்கரத்தைக் கழற்றிப் புதியதை ஃபோர்க்கில் மாட்டினாள். மோட்டார் திமிறினால் அச்சு கழன்று ஃபோர்க்கையே பிளந்துவிடும் என்று மகள் பயமுறுத்தியதால், உடைந்த தையல் மெஷின் ஒன்றின் இரும்புத் தகட்டை அறுத்து, துளை போட்டு, அச்சை ஃபோர்க்கோடு சேர்த்து இறுக்கினாள். பேட்டரிக்கு நீலக் கான்வாஸில் பை தைத்தாள். இரட்டைத் தையல், மூலைகளில் முக்கோண அடைப்பு. பேட்டரி செத்தாலும் பை நூறு வருஷம் இருக்கும். துருப்பிடித்த மணிக்கு மெஷின் எண்ணெய் விட்டாள். அது ஒரு தரம் இருமிவிட்டு 'கிளிங்' என்றது.

டிரைவர் எட்டு மணிக்கு வந்து அவள் கையை மோந்து பார்த்தார். "வீட்டுலயும் மெஷினா?"

"பக்கத்து வீட்டு மெஷின்ங்க. நூல் சிக்கிக்கிச்சு."

"மூணு நாளாவா?"

"பெரிய சிக்கல்."

புதன்கிழமை வயர்களை இணைக்கும் நாள். மஞ்சள், பச்சை, நீலம். நிறத்துக்கு நிறம் சேர்த்து, கைப்பிடியில் புதிதாக மாட்டியிருந்த ஆக்சிலேட்டரை மெல்லத் தொட்டாள். சக்கரம் அழகாகச் சுற்றியது, ஆனால் அவளை விட்டு விலகி அந்தப் பக்கமாக. ஊசியக்கா 'ச்சு' கொட்டினாள். முப்பது வருஷமாக அவள் கை பார்த்த சக்கரம் எல்லாம் தையல் மெஷினின் கைச்சக்கரம். அது உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத்தான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் அறுந்துவிடும். யோசிக்கவே இல்லை, இரண்டு வயரை இடம் மாற்றினாள். சக்கரம் சமர்த்தாக அவளை நோக்கிச் சுற்றியது. திருப்தியாக டேப் சுற்றி மூடினாள்.

வியாழக்கிழமை மாலை, தெருவில் சோதனை ஓட்டம். மகள் வீட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, கையில் செல்போனுடன், "வா வா வா" என்றாள். ஊசியக்கா சைக்கிளில் ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்து, இருபத்தைந்து வருஷத்தை ஒரு மூச்சில் உள்ளே இழுத்து, ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

சைக்கிள் பின்னால் போனது.

நிதானமாக, கம்பீரமாக, துவைக்கிற கல்லைத் தாண்டி, துணிக்கொடிக்குள் நுழைந்தது. கடைசியாகத் தெரிந்தது டிரைவரின் சீருடைச் சட்டைக்குள் அடங்கிப்போன அவள் தலை.

மகள் சிரித்ததில் உட்கார்ந்தே விட்டாள். "அம்மா! ரிவர்ஸ் கியர் வேற வெச்சிருக்கியா? அப்பா பஸ்ல கூட அது சரியா விழாது!"

"வாயை மூடுடி. முதல்ல சரியாத்தான் இருந்துச்சு. நாந்தான் தலைகீழா நிக்கிற வண்டிய மெஷின்னு நெனச்சுட்டேன்."

வயரைப் பழையபடி மாற்றினாள். சைக்கிள் முன்னால் போனது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தபோது ஊசியக்காவின் கண் கலங்கியிருந்தது. தூசி என்றாள். தெருவில் அன்றைக்குத்தான் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை டிரைவர் சீருடையை மூன்று தடவை நீவினார். ஷூவைத் துடைத்தார்.

"கிளம்பலையா?"

"தலைவலிங்க. நீங்க போங்க. நான் அப்புறமா வரேன்."

அவர் வாசலில் நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, டீசலை மிச்சம் பிடித்துக்கொண்டு போனார். அவர் நடந்துபோன விதத்தைப் பார்த்து ஊசியக்காவுக்கு நிஜமாகவே தலை வலித்தது. கடைசி நாளில் பின் சீட்டைக் காலியாக அனுப்புகிறோமே.

பஸ் மூன்று இடத்தில் ஆள் ஏற்றிப் போவதற்குள் சைக்கிள் நெருங்கிவிட்டது. தார் ரோட்டில் மோட்டார் தேனீ மாதிரி முனகியது. முதல் வளைவில் பஸ்ஸின் பின்பக்கம் திரும்பி மறைவதைப் பார்த்தாள். சரளைப் பாதையில் சைக்கிளைத் திருப்பினாள்.

பாதி வரை ராணி ராணியாகவே ஏறினாள். பாதிக்கு மேல் செங்குத்து. முன் சக்கரம் சரளையைக் கடித்து, கடித்ததை அவள் முகத்திலேயே துப்பி, நின்ற இடத்தில் சுற்றியது. வீட்டு வாசலில் சரளை ஏது? இதை அவள் யோசிக்கவே இல்லை. அந்தக் காலத்தில் தள்ளியது பின் சக்கரம், அதன் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். இப்போது இழுப்பது முன் சக்கரம், அதன் மேல் காற்றுதான் உட்கார்ந்திருந்தது. முன்னால் சாய்ந்து பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் இறங்கி, ஒரு கையால் ஆக்சிலேட்டரை அழுத்தி, இன்னொரு கையால் கைப்பிடியைக் கீழே அமுக்கி, தள்ளிக்கொண்டு ஏறினாள். முட்டி ஒவ்வொரு அடிக்கும் கதவு திறந்தது.

பஸ்ஸின் முக்கல் நெருங்கி வந்தது. பாதையின் வாய்க்கு இன்னும் பதினைந்து அடி இருந்தது. புதர் மறைத்தது. நிமிர்ந்து நின்றாலும் தெரியாது, கத்த மூச்சில்லை.

இரண்டு ஹாரன் கேட்டது.

அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு சரியான நேரத்தில். அதை வெளியே இருந்து கேட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. பின் சீட்டில் அது வெறும் ஹாரன். இங்கே அது கூப்பிடுகிற குரல். கையைத் தூக்க முடியவில்லை, தூக்கினால் சைக்கிள் கீழே போய்விடும். கட்டை விரல் மட்டும் சும்மா இருந்தது. மணியை அடித்தாள். கிளிங், கிளிங்.

மேலே 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பிரேக். ஏற்றத்தில்.

புதரை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது பஸ் ரோட்டின் நடுவே நின்று உறுமிக்கொண்டிருந்தது. எல்லா ஜன்னலிலும் தலைகள். துணி வெட்டுகிற மாஸ்டர் பாதி உடம்பை வெளியே தொங்கப்போட்டிருந்தார்.

"அக்கா! தலைவலின்னாங்க?"

"அது சரியாப்போச்சு மாஸ்டர், இப்ப முட்டிவலி!"

டிரைவர் எட்டிப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். நீலப் பையின் தையலைப் பார்த்தார். அவள் தலையில் ஒட்டியிருந்த இலையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"பக்கத்து வீட்டு மெஷினா இது?"

"ஆமாங்க. சிக்கல் எடுத்தாச்சு."

"இவ்வளவு லேட்டா நீ வந்ததே இல்லையே."

"சரளை வழுக்கிருச்சுங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க நிறுத்திட்டீங்களே. கிளட்ச்?"

"சாகட்டும்" என்றார் டிரைவர். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "ஏறுறியா? சைக்கிள மேல போட்டுக்கலாம்."

"எதுக்கு? நான் முன்னாடி போறேன்."

"போயேன். யாரு புடிச்சா?"

ஊசியக்கா சைக்கிளில் ஏறினாள். தார் ரோட்டில் முன் சக்கரம் நல்ல பிள்ளையாகப் பிடித்தது. திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். ஏற்றத்தில் அந்த மோட்டார் நடப்பவரைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும், அவ்வளவுதான். ரோடு அகலமாகத்தான் இருந்தது. பஸ் முந்தவில்லை. முதல் கியரில், அவள் முதுகுக்குப் பின்னால், ஒரு பெரிய மாடு கன்றைப் பின்தொடர்வது மாதிரி வந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ பாட ஆரம்பித்தார்கள். யாரோ சுருதி சரியில்லை என்று திட்டினார்கள்.

கேட்டில் செக்யூரிட்டி கடிகாரத்தைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த பஸ் லேட் என்றால் கடிகாரம்தான் தப்பு என்று அவர் எண்ணம். ஆனாலும் விதி விதிதானே. லேட் நோட்டை நீட்டினார். பெயர், நேரம், காரணம்.

காரணத்தில் மாஸ்டர் 'முன்னால் சைக்கிள்' என்று எழுதினார். அவருக்குக் கீழே நாற்பது பேரும் 'மேற்படி' போட்டார்கள். டிரைவர் கடைசியாக வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த நோட்டின் பேனாவைப் பிடித்து, ரொம்ப நேரம் யோசித்து, 'முந்த மனமில்லை' என்று எழுதினார்.

அந்தப் பக்கத்தின் முதல் வரி ஊசியக்காவுடையது. காரணம்: சரளை. அவள் எட்டு நிமிஷம் லேட். பஸ் ஒன்பது நிமிஷம்.