படகுக்கு ஓடிக் கரைத்த தொப்பை

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் கயிறு பிடிக்கிற வேலை. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் இருந்து மற்ற தீவுகளுக்குப் போகும் கப்பலில் லஸ்கர். நாங்கள் இருப்பது எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில், அதனால் தினமும் காலையில் படகேறி சாத்தாம் போய், அங்கிருந்து பஸ் பிடிப்பார். கப்பல் என்றால் அவருக்கு உயிர். நான் அதற்கு அடுத்துத்தான். அதையும் பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்.

ஒரு தடவை கப்பல் ஆட்களுக்கான மெடிக்கல் பரிசோதனையில் டாக்டர் அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த தடவைக்குள் இது இறங்காவிட்டால் கப்பலில் ஏற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடக்கிற வேகத்தில் தினமும் நடங்கள் என்றும் சொல்லியிருந்தார். இவர் அதில் பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டார். படகு நிற்கிற ஜெட்டிக்கு இறங்குகிற வழியில் மீன்காரரோடு ஹிந்தியில் ஒரு கதை, டீக்கடையில் தமிழில் ஒரு கதை. எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, வாசலில் நின்றால் ஜெட்டி வரை தெரியும். அவர் அசைந்து அசைந்து போவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெயின்லேண்டில் படிக்கிற மகள் கைக்கடிகாரம் ஒன்று அனுப்பினாள், நாடித் துடிப்பெல்லாம் காட்டுகிற வகை. அதைக் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து வந்தவர், கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். கொழுப்பு எரிகிற வேகம் என்று போட்டிருந்தது. “பாத்தியா, மெஷினே சொல்லுது. மெதுவா நடந்தாத்தான் கொழுப்பு எரியும்” என்றார்.

நான் விடுவேனா? போனில் தேடித் தேடிப் படித்தேன். அவர் சொன்னது பாதி சரி. மெதுவாக நடக்கும்போது உடம்பு எரிப்பதில் கொழுப்பின் பங்கு அதிகம்தான், ஆனால் எரிவதே கொஞ்சம். ஓடினால் கொழுப்பின் பங்கு குறையும், மொத்தமாக எரிவது இரண்டு மடங்குக்கு மேல். கால் வயிற்றுக் கஞ்சியில் பாதியும், ஒரு பானைச் சோற்றில் கால்வாசியும் ஒன்றாகுமா என்று கேட்டேன். பசிக்கிறது, சோற்றைப் போடு என்றார்.

சொல்லித் திருந்துகிற ஆள் இல்லை என்று முடிவு செய்தேன். ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது ஸ்டூலில் ஏறி, சுவர்க்கடிகாரத்தின் முள்ளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். அவர் வீட்டில் மணி பார்ப்பது அதில் மட்டும்தான். போன் சாப்பாட்டுப் பையின் அடியில் கிடக்கும். மகள் அனுப்பிய கைக்கடிகாரத்தைச் சார்ஜ் ஏறவில்லை என்று பொய் சொல்லி பீரோவில் வைத்தேன்.

அன்றைக்கே ஓடினார். படகில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள், “ஜல்தி, அங்கிள், ஜல்தி” என்ற சத்தம் மேடு வரை கேட்டது. வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மறுநாளும் ஓடினார். மீன்காரர் போச்சு, டீக்கடை போச்சு. ஒரு தடவை படகில் ஏறியதும் கம்பியைப் பிடித்துக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அப்படியும் முள்ளை நான் தொடவில்லை. மாதங்கள் போகப் போக பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இரவில் காலை நீட்டித் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தும் என்ன ஏது என்று கேட்கவில்லை.

மெடிக்கல் நடந்த அன்று சாயங்காலம் வந்து கால் கழுவிக்கொண்டே, பாஸ் என்றார். டாக்டர் ஆச்சரியப்பட்டாராம். எப்படி இறக்கினீர்கள், ஓடினீர்களா என்று விசாரித்தாராம். இவர் ஆமாம் என்றதும், இந்த உடம்போடு திடீரென்று தலைதெறிக்க ஓடினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும், தினமும் விடாமல் நடந்தாலே போதும் என்று கோபித்துக்கொண்டாராம். அடுத்து அவர் சொன்னதுதான் இன்றைக்கும் காதில் நிற்கிறது.

“கரை வேலை கேட்டு வாங்கிட்டேம்மா. நாளைல இருந்து ஃபீனிக்ஸ் பே ஜெட்டிலதான். என் எடத்துல வேற ஆள ஏத்திட்டாங்க.”

ஏன் என்று நான் கேட்பதற்குள் அவராகவே சொன்னார்.

“காலு போயிருச்சு. அதே நேரத்துக்குத்தான் கெளம்புறேன், அதே வழி. முன்னாடி எல்லார்கிட்டயும் பேசிட்டுப் போய் நிப்பேன், இப்ப ஓடியும் சில நாள் படகு போயிருது. கயிறு புடிக்கிறவன் கால் மெதுவாச்சுன்னா அடுத்தவன் கை போயிரும். அந்தப் பாவம் நமக்கெதுக்கு?”

பாவி, நான் அழுதேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, அவர் கண் முன்னாலேயே முள்ளைச் சரியான இடத்துக்குத் தள்ளினேன். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார், கையில் இருக்கிற சொம்பை எறிவார் என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அப்ப என் காலு நல்லாத்தான் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

நல்லாத்தான் இருக்கு என்று சொன்னேன். போய்க் கேட்டுப் பார்த்தார். ஏற்றிய ஆளை இறக்க முடியாது, இடம் வந்தால் சொல்கிறோம் என்றுவிட்டார்கள். கப்பலில் இருந்து எறிகிற கயிற்றைக் கரையில் நின்று பிடித்து மாட்டுவதும், கிளம்பும்போது கழற்றி விடுவதும் இப்போது அவர் வேலை. நானும் தினமும் ஜெட்டி வரை அவர் வேகத்திலேயே கூட நடக்கிறேன். மீன்காரரிடம் நின்றால் நானும் நிற்கிறேன்.

இதுவரை ஒரு வார்த்தை குத்திப் பேசியது கிடையாது. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவரை ஒரு தடவை பார்க்கிறார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில், “மணி சரிதானேம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைப் போடுகிறார்.