டவுனுக்குப் போகும் அண்ணியும் லேயர் டூவும்

கொழும்பில் போர்டிங்கில் தங்கி நான் வேலை பார்த்த இரண்டு வருடமும் என் மகள் றக்வானையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அண்ணன் வீட்டில்தான் வளர்ந்தாள். என் வீட்டுக்காரருக்குக் கட்டாரில் வேலை. அண்ணிக்குப் பிள்ளை இல்லை. என் மகள்தான் பிள்ளை. மாதம் ஒரு முறை நான் வருவேன். திரும்பும் காலையில் மகள் என் பையை விடவே மாட்டாள்.

அப்போதுதான் வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வு வந்தது. பிளாக்செயின் கம்பெனி ஒன்றுக்குத் தமிழில் விளக்கங்கள் எழுத வேண்டும். கிடைத்தால் மகளோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் கொழும்பு பஸ்தான். ஒரு வாரம், பிளாக்செயினுக்கு மேல் இயங்கும் இரண்டாம் அடுக்கான லேயர் டூவைப் படித்துப் படித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

ஜன்னலோரத்தில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக வரும். போனை அரிசி டின்னில் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். யாரும் சத்தம் போடாதபடி அண்ணி வாசலில் காவல் நின்றார். அந்தப் பக்கத்தில் அண்ணியின் அதட்டலைவிடப் பெரிய சத்தம் வேறு இல்லை.

"லேயர் டூ ஏன் தேவைன்னு கம்ப்யூட்டர் தெரியாத ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க," என்றார் போனில் கேள்வி கேட்ட அம்மா.

படித்ததெல்லாம் மறந்துபோனது. கதவிடுக்கில் அண்ணியின் முதுகு தெரிந்தது. சரி, அண்ணியையே உதாரணமாகச் சொல்லிவிடுவோம் என்று துணிந்தேன்.

"எங்க லயத்துல எல்லாரும் டவுனுக்குக் கெளம்புனா பஸ் தாங்காதுங்க. அதனால ஞாயித்துக்கெழமைல எங்க அண்ணி எட்டு வீட்டு சாமான் எழுதுன துண்டையும் வாங்கிக்கிட்டு ஒத்தையா போவாங்க. ஒரு சீட்டுதான், ஆனா எட்டு வீட்டு வேல முடிஞ்சிரும். பிளாக்செயின் அந்த பஸ் மாதிரி. ஒவ்வொண்ணையும் அத்தன கம்ப்யூட்டரும் பாத்து சரி சொல்லணும், அதனால எடம் கம்மி, செலவு கூட. லேயர் டூ எங்க அண்ணி. நெறைய வேலைய வெளியில முடிச்சி, ஒண்ணா கட்டி, பிளாக்செயின்ல ஒரே பதிவா ஏத்திரும்."

"அண்ணி பிழை விட்டா?" என்று மடக்கினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரதம் இருந்த வீட்டுக்கு நெத்தலிக் கருவாடு போகப் பார்த்த கதையைச் சொன்னேன். அண்ணி சாமானை வீடு வீடாகக் கொடுப்பதில்லை. எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் துண்டை உரக்க வாசித்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். தப்பென்றால் அங்கேயே கத்தலாம். பிறகுதான் சாமான் கைமாறும். சில லேயர் டூக்களும் அப்படித்தான் என்றேன். பதிவை யாரும் சோதிக்கலாம், பிழையை நிரூபிக்க ஓர் அவகாசம் உண்டு, அது முடிந்த பிறகே எதுவும் உறுதி.

"ஹரி," என்று சிங்களத்தில் 'சரி' சொல்லி அந்த அம்மா சிரித்தார். "திங்கட்கிழமை தொடங்குங்க."

ஓடிப்போய் அண்ணியைக் கட்டிக்கொண்டேன்.

"என்னைய பஸ்ஸுல ஏத்திவிட்டு நீ வேல வாங்கிட்டியா?" என்று அண்ணி என் முதுகில் ஒன்று வைத்தார். மகள் குதித்தாள். இனிமேல் கொழும்புக்குப் போகமாட்டேன், போகமாட்டேன் என்று நான் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

அண்ணியின் சிரிப்பு மெல்ல நின்றது. மகளின் தலையைத் தடவியபடி கேட்டார்: "அப்ப புள்ள இனிமே ஓங்கிட்டதான் தூங்குமா?"

இரண்டு வருடமாக அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கிய பிள்ளை. என் சந்தோஷத்தில் அதை நான் நினைக்கவேயில்லை. வெட்கமாக இருந்தது.

"மூணு பேரும் ஒண்ணாதான் படுக்கிறோம் அண்ணி," என்றேன்.

அன்றிலிருந்து அண்ணன்தான் வெளியே இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், பாய் விரிக்கிறார்.