பாரிவாக்கத்து அறுபத்துநாலு அடி

காலை ஏழு மணி, இருபத்திரண்டு ஆட்டக்காரர்கள், அத்தனை பேரிடமும் வசவு வாங்க உள்ளூர் ஆள் ஒருவன், சபாபதி என்கிற நான்: அம்பயர் வேலை இவ்வளவுதான். ஒற்றை விரலைத் தூக்கியதற்காகச் சொந்த மைத்துனனோடு பேச்சு நின்றுபோனவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். யுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, பாரிவாக்கத்தில் எங்கள் சங்கம் ஆடத் தொடங்கிய நாட்களில் நடந்தவை இவை. பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு மட்டையும் வராது, பந்தும் வராது. ஆகவே அம்பயர்.

சங்கிலி போட்ட அன்று

மைதானம் கொடுத்தவர் முனுசாமி நாயக்கர். தை அறுப்புக்குப் பிறகு தண்ணீர் இல்லாமல் அவர் நிலம் சும்மா கிடந்தது. கிணறு ஒன்று அவருக்கு இருந்ததுதான். முந்தின வருஷ வெள்ளத்தில் எல்லைக்கல் அடித்துப் போக, ஊர்க் கர்ணம் வாய்க்கால் கரையிலிருந்து எட்டுச் சங்கிலி அளந்து புதுக்கல் நட்டார். கிணறு கல்லுக்கு அந்தப் பக்கம், அடுத்த நிலத்துக்காரர் எத்திராஜுவின் நிலத்துக்குள் போய்விட்டது. நாயக்கர் தாலுகா கச்சேரிக்கு நடையாய் நடந்தார். பத்திரத்திலும் எட்டுச் சங்கிலி, அளந்ததும் எட்டுச் சங்கிலி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிலம் அளக்கிற சங்கிலிக்கும் கிரிக்கெட் பிட்ச்சுக்கும் ஒரே நீளம், அறுபத்தாறு அடி. அதனால் கர்ணத்தின் சங்கிலியையே இரவல் வாங்கி ஸ்டம்பு நட்டோம். சங்கிலியைக் கண்டதும் பக்கத்துக் களத்திலிருந்து ஏழெட்டுப் பேர் ஓடிவந்து, யார் நிலம் யாருக்குப் போகிறது என்று கேட்டார்கள். விளையாட்டுக்குத்தான் என்று சொல்லி அனுப்பினேன். வரப்பில் உட்கார்ந்திருந்த நாயக்கர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"பாத்து வாத்யாரே, போன தபா அந்தச் சங்கிலி வந்தப்போ என் கெணத்த இஸ்துகினு பூட்ச்சு" என்றார்.

கரீம் பாயின் ராசி

எங்கள் வேகப் பந்துவீச்சாளர் கரீம் பாய், பூந்தமல்லியில் தையற்காரர். வெள்ளானூரில் அவர் பந்தை எல்லோரும் அடித்தார்கள். ஆவடியிலும் அடித்தார்கள். பாரிவாக்கத்தில் மட்டும் எதிராளி மட்டையை இறக்குவதற்குள் ஸ்டம்பு விழுந்தது. விழாதபோது பந்து காலில் பட்டது. பங்குனி முழுவதும் விரல் தூக்கி எனக்குத் தோள் வலி கண்டது. வந்த அணிகள் என்னை உள்ளூர்க் கையாள் என்று ஏசிவிட்டுப் போயின. காரணம் என்னவென்று கரீம் பாயையே கேட்டேன்.

"பழகுன மிஷின்ல தையல் நல்லா ஓடும் வாத்யாரே, அவ்ளோதான்."

ஓவர்சியரின் டேப்

பட்டணத்திலிருந்து வந்த அணிக்கு ஒரு மராமத்து ஓவர்சியர் கேப்டன். பதினெட்டு ரன்னில் ஏழு விக்கெட் போனதும், அவர் பையிலிருந்து தோல் உறை போட்ட டேப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். அறுபத்துநாலு அடி வந்தது. மறுபடி அளந்தோம், அதேதான். ஆட்டத்துக்கு முன் பிட்ச்சைச் சரிபார்ப்பது அம்பயரின் பொறுப்பு. நான் சங்கிலியை நம்பி நின்றுவிட்டேன்.

கர்ணத்தின் வீட்டிலிருந்து சங்கிலியை வரவழைத்து எண்ணினோம். நூறு கண்ணி இருக்கவேண்டிய இடத்தில் தொண்ணூற்றேழு. எப்போதோ நடுவில் அறுந்து, கொல்லன் சேர்த்தபோது மூன்று கண்ணி விட்டுப்போயிருந்தது. ஆட்டம் செல்லாது, அடுத்த ஞாயிறு சரியான பிட்ச்சில் ஆடலாம் என்று ஓவர்சியர் முடித்தார். எங்களவர்கள் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்க, நாயக்கர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு சங்கிலிக்கு ரெண்டடின்னா, எட்டு சங்கிலிக்கு எவ்ளோ வாத்யாரே?"

சாட்சி

பதினாறு அடி. கிணற்றின் அந்தப் பக்கச் சுவர் கல்லைத் தாண்டிப் பதினான்காவது அடியில் இருந்தது. நாயக்கர் மறுநாளே மனுக் கொடுத்தார். மூன்றாம் நாள் கர்ணத்தின் சங்கிலியில் மூன்று புதுக் கண்ணிகள் ஏறிவிட்டன. தன் சங்கிலி எப்போதும் நூறு கண்ணிதான், கல்லும் சரியான இடத்தில்தான், வாய்க்கால்தான் கரையை அரித்துவிட்டது என்று அவர் எழுதிக் கொடுத்தார். எங்கள் வாய்ச்சொல்லை விட்டால், பழைய சங்கிலியின் நீளம் பதிந்திருந்த ஒரே இடம் எங்கள் பிட்ச்.

அதை ஞாயிற்றுக்கிழமைக்குள் தோண்டி நீட்ட வேண்டும் என்றார் எங்கள் கேப்டன் செல்வரங்கம். ஆவடி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர், எதையும் முன்கூட்டியே யோசிப்பவர். இந்த ஞாயிறு ஆடாவிட்டால் பட்டணத்து அணி மறுபடி வராது. கிணறு திரும்பினாலோ நாயக்கர் இரண்டாம் போகம் வைப்பார், மைதானமே மிஞ்சாது. இரண்டும் எனக்கும் தெரிந்ததுதான். தாசில்தார் பார்க்கிறவரை யாரும் மண்வெட்டி போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"நாயக்கருக்கு சாட்சி சொல்றதா நெனச்சுகினு நம்ம சங்கத்துக்குக் கொள்ளி வெக்கிறீங்க" என்றார் செல்வரங்கம்.

ஸ்டம்புக் குழி

ஞாயிறு யாரும் ஆடவில்லை. புதன்கிழமை தாசில்தார் தாலுகாச் சங்கிலியோடு வந்தார். முதலில் பிட்ச்சை அளக்கச் சொன்னார். ஒரு ஸ்டம்புக் குழியிலிருந்து எதிர்க் குழி வரை, மூன்று கண்ணி குறைவு. இதை நட்டது யார் என்றார். நான்தான், அறுபத்தாறு அடி என்று நம்பி, கர்ணத்தின் சங்கிலியால் நட்டேன் என்று ஊரார் முன்னால் சொன்னேன். அதோடு அந்தப் பங்குனியில் நான் கொடுத்த அவுட் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. பிறகு வாய்க்கால் கரையிலிருந்து எட்டுச் சங்கிலி அளந்து, கல்லைப் பிடுங்கிப் பதினாறு அடி தள்ளி நட்டார்கள். எத்திராஜு கிணற்றிலிருந்த, மாடு கட்டி நீர் இறைக்கும் தன் கவலைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். நாயக்கர் கிணற்றை எட்டிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். கரீம் பாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நம்ம விக்கெட்டெல்லாம் பூட்ச்சு, அவருக்குக் கெணறாச்சும் கெடச்சுதே."

அம்பயராக நான் செய்த வேலையில் மேல்முறையீடு இல்லாமல் நின்றது அது ஒன்றுதான். அடுத்த வருஷம் மாசி முதல் வாரத்தில் நாயக்கர் எங்கள் பிட்ச்சின் மேல் கத்தரி நாற்று நட்டார்.