டான்யூப் கரையில் பெஹாலாக்காரர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். கல்கத்தா பாலிகஞ்சிலிருந்து ஐரோப்பா போய் டான்யூப் நதியில் கப்பலேறியவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான்.

அந்தக் கப்பலில் அதே கல்கத்தாவின் பெஹாலாக்காரர் ஒருவர் வந்தார். நரைத்த மீசை, கழுத்தில் மப்ளர். எந்தக் கோட்டைக்குப் போனாலும் சுவரை விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பார். துர்கா பூஜைப் பந்தல் கமிட்டியில் இருப்பவராம். போன பூஜைக்கு மூங்கிலும் துணியுமாக புடாபெஸ்ட் நாடாளுமன்றத்தையே கட்டினார்களாம். கொஞ்சமும் ஒத்துவரவில்லை என்று பக்கத்துத் தெருக்காரர்கள் கேலி செய்ய, நிஜத்தைப் பார்த்துவிடுவது என்று கிளம்பி வந்துவிட்டார்.

அந்தக் கட்டடம் கரையில் தெரிந்ததும் நான் கத்தியே விட்டேன். "இத நான் பாத்திருக்கேன்! பெஹாலாவுல, கால் கடுக்க வரிசையில நின்னு பாத்தேன்!"

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நெஜமா சொல்லுங்க மாஷிமா. எங்களது இதே மாதிரி இருந்துச்சா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன்.

"கோபுரம் இங்க கொஞ்சம் குட்டையா இருக்குப்பா. உங்களுதுதான் எடுப்பு."

"அப்படின்னா தப்பு இவங்க மேலதான்!" கப்பலே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

கரையிறங்கி அண்ணாந்து பார்த்தவர் சொன்னார்: "இத நம்ம பந்தல் மாதிரி பிரிக்கவே மாட்டாங்க இல்ல? பாவம், அடுத்த வருஷம் வேற கட்ட முடியாதே."

யாருக்காகப் பாவப்பட்டார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மீனு, நான் சொன்னதெல்லாம் எழுதினியா? எங்கே, படி கேப்போம்.